ஈரம்மாவின் நெளிகோடு

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஈரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருடமாக ஒருத்தி வாயைத் திறந்தாலே ஈரப்பதம் ஈரப்பதம் என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? மருத்துவமனைகளுக்குக் காற்றுப் பெட்டி வடிவமைப்பது அவள் வேலை. பெட்டி என்றால் ஓர் அறை அளவு. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, குளிரவைத்து, ஈரத்தைப் பிழிந்தெடுத்து, மறுபடி இதமாக்கி ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் துணி அலமாரிக்குள்ளேயும் ஓர் ஈரமானி தொங்கியது. "என் சட்டைக்கே காவல் போட்டவ நீ" என்று கணவர் கிண்டலடிப்பார். அவளும் சிரிப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

வெளியே தண்ணீர் உறையும் குளிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வடிவமைத்த பெட்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில் சுடுநீர் பம்ப் நின்றது. விசிறி மட்டும் நிற்காமல் பனிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. சூடேற்றும் குழாய்ச் சுருளில் நின்ற தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, மதியம் உருகி, தியேட்டர் கூரை வழியாகக் கொட்டியது. நல்லவேளை, மேஜையில் நோயாளி இல்லை.

அவள் கம்பெனி மேலாளர் மறுநாளே அறிக்கையை எழுதி முடித்துவிட்டார். அலாரம் அடித்தும் பாய்லர் அறை ஆபரேட்டர் கவனிக்கவில்லை, தவறு அவருடையது. கீழே ஈரம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால் ஆபரேட்டருக்கு வேலை போய்விடும்.

அவள் போடவில்லை. நேரே பாய்லர் அறைக்குப் போனாள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கையில் எண்ணெய்த் துணியோடு எழுந்து நின்றார்.

"அடிக்கவே இல்லைம்மா. அடிச்சிருந்தா ஓடியிருக்க மாட்டேனா? பத்தொன்பது வருஷமா இந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துட்டுதானே உட்கார்ந்திருக்கேன்."

"பெட்டியைத் திறங்கண்ணே, பார்ப்போம்."

டார்ச்சை அடித்துச் சுருளைப் பார்த்தாள். உறைநிலைக் காவலுக்கு ஒரு மெல்லிய செம்புக் குழாய் உண்டு. ஆறு மீட்டர் நீளம். அதைச் சுருளின் முகம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை நெளிநெளியாக ஓடவிட வேண்டும். எந்த இடத்தில் குளிர் தொட்டாலும் அது உணர்ந்து விசிறியை நிறுத்தும், மணியை அடிக்கும். இங்கே அந்த ஆறு மீட்டரையும் வளையல் மாதிரி அழகாகச் சுற்றி, மேல் மூலையில் கட்டி வைத்திருந்தார்கள். பனிக்காற்று கனமானது, கீழேதான் போகும். மேலே இருந்த வளையலுக்கு எதுவும் தெரியவில்லை.

பொருத்தியவரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் பதறவே இல்லை.

"என்னை ஏன் மேடம் திட்டுறீங்க? படத்துல மூலையில ஒரு புள்ளிதானே இருந்துச்சு? புள்ளி இருந்த இடத்துல சுத்தமா கட்டி வச்சேன்."

புள்ளியா? அவள் வரைந்தது நெளிகோடு! அலுவலகத்துக்கு வந்து படக் கட்டைப் பிரித்தாள். உண்மைதான். நெளிகோடு இல்லை, புள்ளி இருந்தது. அதன் கீழே, மூன்றாம் திருத்தம் என்ற கட்டத்தில், அவளுடைய கையெழுத்தே இருந்தது.

மேலாளரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"படத்துல என் நெளிகோட்டை யார் சார் எடுத்தது?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். மருத்துவமனைக்காரங்க பார்த்துட்டு, இது என்ன கிறுக்கல்னு கேட்டாங்க. படம் பளிச்சுனு இருக்க வேண்டாமா? நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டிருந்தாள். படம் திருத்தும் பையன் நாற்பது தாளைக் கொண்டுவந்து வைத்து, 'சின்னச் சின்னத் திருத்தம்தான் மேடம்' என்றபோது, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே மடமடவென்று போட்டுத் தள்ளியிருந்தாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆத்திரம் எதிரே சுழல் நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தது. படம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்! அந்தப் பளிச்சுக்கு, பாய்லர் அறையில் சூட்டில் வேகிற மனிதரின் பிழைப்பா விலை?

"உண்மையை எழுதினா முதல்ல மாட்டறது நீங்கதான்" என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி. "படத்துல கையெழுத்துப் போடுற உரிமையே போயிடும். அந்த ஆளுக்கு எப்படியும் வயசாச்சு. கம்பெனியில எத்தனை குடும்பம் இருக்கு? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

பதினேழு வருடமாக அந்தப் பெயரை வைத்து எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"ஈரத்தைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறீங்களா சார்?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள். "என்னங்க, இனிமே நான் படத்துல கையெழுத்துப் போட முடியாமப் போகலாம்."

 "தப்பு உன்னுதா?" என்று கேட்டார் கணவர்.

"பாதி."

"அப்போ அந்தப் பாதியை மறைக்காம எழுது. மீதிப் பாதியையும் விட்டுடாதே."

மேலாளரின் அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கோட்டை எடுக்கச் சொன்னது யார், ஏன், எந்தத் தேதியில் என்று ஒன்று விடாமல் எழுதினாள். பக்கத்தின் நடுவில் பேனாவால் சுருளை வரைந்து, அதன் மேல் கிறுக்கல் மாதிரியே இருக்கும் அந்த நெளிகோட்டையும் முழுதாகப் போட்டாள். கடைசி வரியை நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

'ஆபரேட்டர் அலாரத்தைக் கவனிக்காமல் இருக்கவில்லை. அலாரம் அடிக்கவில்லை. அது அடிக்க முடியாதபடி மாற்றிய படத்தில், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.'

இந்த முறை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.