கட்டிங் மெஷின் கவருக்கு ஒரு பட்டா

பெரிய கோயில் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை கோபுரத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். சென்னையில் எனக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தரும் வேலை. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், "இது என்னுடையது, என்னைக் கேட்காமல் யாரும் செய்து விற்கக் கூடாது" என்று அரசிடம் உரிமை கேட்கும் தாளை நான் எழுதுவேன். அப்படி ஒரு வேலையாகத்தான் போன புரட்டாசி கடைசியில், ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் முன்னால், நன்னிலம் பக்கம் போனேன்.

இரவு ரயிலில் ஏறி, விடியும்போது தஞ்சாவூரில் இறங்கினேன். அங்கிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், பேருந்தில் முப்பத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பிறகு குடவாசல் வழியாக நன்னிலம், இன்னொரு முப்பது கிலோமீட்டர். பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் டிக்கெட் கிடையாது என்பதால் கடைசித் துண்டுக்கு அரை மணி நேரம் காத்திருந்து அதில்தான் ஏறினேன். கஞ்சத்தனம் என்று என் கணவர் சொல்வார், சொல்லிக்கொள்ளட்டும். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பாதி ரோட்டில் நெல் காய்ந்தது, மீதிப் பாதியில்தான் எல்லா வண்டியும்.

இளங்கோவனும் அவர் மனைவி சுமதியும் நன்னிலத்திலிருந்து நான்கு கிலோமீட்டரில் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார்கள். சுமதிக்கு இடது ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. எல்லாம் தொடங்கியது அந்த விரலில்தான்.

இரும்பு வெட்டும் கட்டிங் மெஷினில், சுற்றும் வீலை மூடி ஒரு கவர் இருக்கும். கவரோடுதான் விற்க வேண்டும் என்று விதி சொல்கிறது. வாங்கியவர் அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டால், விதி பரண்வரை ஏறி வராது. இங்கே ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, கவரைக் கழற்றி, வீலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். பூஜை முடிந்தால் பொரிகடலை ஞாபகம் இருக்கும், கவர் ஞாபகம் இருக்காது. சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பூஜைக்கு மறுநாள் சுமதியின் விரல் போனது.

அதன்பின் இளங்கோவன் ஒரு சின்ன ஏற்பாடு செய்தார். கவர் மாட்டினால்தான் ஒரு பின் அழுந்தும், பின் அழுந்தினால்தான் மெஷினுக்குக் கரண்ட் போகும். கவர் இல்லையா, ஓடாது. சுமதி ஓட்டிக் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஒரு கம்பெனி, காப்புரிமை கிடைத்தால் இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "இத வெளியில யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

"கேப்பீங்கன்னு தெரியும் மேடம். எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்" என்று இளங்கோவன் உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். உள்ளே ஃபோட்டோக்கள், சுற்றுவட்டாரத்தில் பதினோரு பட்டறைகள். ஒவ்வொன்றிலும் அந்தக் கவர், பக்கத்தில் தேதிக்காக அன்றைய பேப்பரைப் பிடித்தபடி முதலாளி. கீழே ஒரு வாசகம்: இரண்டு வருடமாக எங்கள் பட்டறையில் இது பயன்பாட்டில் உள்ளது, செய்தவர் இளங்கோவன். கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து.

காப்புரிமை புதியதற்குத்தான். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இரண்டு வருடம் ஊரறியப் புழங்கிய பொருள் சட்டத்தின் கண்ணில் புதியது இல்லை. அவர் காட்டிய ஒவ்வொரு கையெழுத்தும் அவர் விண்ணப்பத்துக்கு எதிரான சாட்சி. போனில் இரண்டு முறை பேசியிருக்கிறேன். படம் கேட்டேன், அளவு கேட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை. முன்பே கேட்டிருந்தாலும் பலன் ஒன்றுதான், ஆனால் அந்த மனுஷனின் முகத்தை நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"எங்க அப்பாவுக்கு இப்படித்தான மேடம் பட்டா வந்துச்சு?" என்றார். "பண்ணையார் நிலத்துல குடிசை. காலி பண்ணுன்னாங்க. அப்புறம் குடியிருக்கறவங்களுக்கே மனைன்னு சட்டம் வந்துச்சு. இத்தன வருஷமா இங்கதான் இருக்கோம்னு நாலு பேரு சாட்சி சொன்னாங்க, வாசல்ல நின்ன முருங்கை மரத்தக் காட்டுனாங்க. அனுபவத்துல இருக்கறத ஊரு பாத்தாத்தான பாத்தியதை?"

நிலத்துக்கு அதுதான் நியாயம். காப்புரிமைக்கு நேர் எதிர். பதினோரு பேரும் பார்த்ததால்தான் போயிற்று என்று எப்படிச் சொல்வது?

"எங்க குடும்பத்துப் பேருல இருக்கற காயிதம் அந்த ஒரு பட்டாதான். இது ரெண்டாவதா இருக்கும்னு நெனச்சேன்" என்றவர், ஃபைலை மூடிவிட்டு, "இந்த ஃபைல நீங்க பாக்கலன்னு வெச்சுக்கிட்டா?" என்றார்.

"பாத்துட்டேனே" என்றேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் பதினோரு பட்டறையையும் எங்கே ஒளிப்பது?

"அந்தப் பதினோரு எடத்துலயும் எல்லாருக்கும் பத்து வெரலு இருக்குல்ல, விடுங்க" என்றார் சுமதி. "மொதல்ல சாப்பிடுங்க." மீன் குழம்பு. நான் சரியாகச் சாப்பிடவில்லை, அவர்களும்தான்.

மூன்று மணிக்கு இளங்கோவன் என்னைத் தன் பைக்கில் குடவாசலில் விடக் கிளம்பினார். மூன்றே முக்காலுக்கு எனக்குப் பேருந்து. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பட்டறை முன் சட்டென்று வண்டியை நிறுத்தினார். அங்கே ஓடிய மெஷினில் அவருடைய கவர். அவர் மாட்டிக் கொடுத்தது இல்லை, யாரோ பார்த்துச் செய்தது.

"இது எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"வாங்கலண்ணே. நன்னிலத்துல ஒரு பட்டறையில பாத்தேன், நானே செஞ்சுட்டேன்" என்றார் அந்தக் கடைக்காரர், பெருமையாக. அவருக்கு இளங்கோவனைத் தெரியாது.

சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். இளங்கோவன் குனிந்து பின்னை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "ஸ்பிரிங்க வெளிப்பக்கம் வெச்சிருக்கீங்க. இரும்புப் பொடி ஏறி பின்னு உள்ளயே மாட்டிக்கும். அப்புறம் கவர் இல்லாமயே ஓடும். கையப் பாத்துக்குங்க" என்றவர், ஸ்பேனர் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடம் ஆயிற்று. என் பேருந்து போயே போய்விட்டது.

திரும்ப வண்டியில் ஏறியதும் கேட்டேன், "நீங்கதான் செஞ்சதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, கேக்காம செஞ்சிட்டமேன்னு பயந்து கழட்டிருவாரு மேடம்" என்றார்.

அடுத்த பேருந்தில் கும்பகோணம்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். காப்புரிமை உள்ள ஒரு பாதுகாப்புச் சாதனத்தை எல்லா மெஷினிலும் கட்டாயமாக்குவது லேசில்லை. ஒருவர் கல்லாவை நிரப்பவா சட்டம் என்று கம்பெனிகள் கிளம்பிவிடும். யாருக்கும் சொந்தமில்லாததைக் கட்டாயமாக்க அந்தத் தடை இல்லை. சென்னைக்கு வந்ததும், கவர் இல்லாமல் ஓடாத மெஷினைத்தான் விற்கலாம் என்று விதியை மாற்றக் கேட்டு ஒரு மனு எழுதினேன். விண்ணப்பத்தைக் கெடுத்த அதே ஃபைல், பதினோரு கையெழுத்தோடும், இதில் ஆதாரமாகப் போயிருக்கிறது. செய்தவர்கள்: இளங்கோவன், சுமதி. இன்னும் பதில் வரவில்லை.

போகிறவர்களுக்கு: அறுப்புக் காலத்தில் பைக்கில் போனால் ரோட்டில் காயும் நெல்லில் பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும். குடவாசலில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் கையில் வைத்திருங்கள். எதையாவது கண்டுபிடித்திருந்தால் முதலில் விண்ணப்பம், அப்புறம் ஊர்.

ஆயுத பூஜைக்குப் போனால், பட்டறை வாசலில் கூப்பிட்டுப் பொரி கொடுப்பார்கள், மறுக்காதீர்கள். மெஷினில் பொட்டு வீலில் இருக்கிறதா, கவரின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கவரின் மேல் இருந்தால், இதை யார் முதலில் செய்தது என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நன்னிலம் பக்கத்து இளங்கோவனும் சுமதியும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கழற்ற வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.