பத்தாயத்தின் மேல்பலகை

காலியான பத்தாயத்துக்குள் தலையை விட்டால் பழைய நெல்லும் உமித்தூசியும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். நெல் கொட்டி வைக்கும் அந்த ஆளுயர அயனிமரப் பலகைப் பெட்டிக்குள்தான், அறுப்புக்கு முந்திய ஓர் ஆடி மாதத்தில், என் சித்தப்பா பதினோரு நாள் ஒளிந்திருந்தார். மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் வீடுவீடாகத் தேடிய காலம் அது. "வெளிய மூச்சு விடப்பிடாது, கேட்டியா மக்கா" என்று தினமும் எனக்குப் பொட்டு வைக்கும்போதே அம்மா சொல்லி அனுப்புவாள்.

அருமனைப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுத்த டீச்சர், ஜெர்மனியில் யூதர்களைக் கொன்று குவித்ததைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிட்ட ஆத்திரத்தில், எங்கிருந்தோ ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து, பாடம் பாதி கதை பாதியாகத் தமிழில் சொல்லிவந்தார். செருப்புத் தைக்கும் யூதக் குடும்பம் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரி ஒளித்து வைக்கும் கதை. "லட்சம் லட்சமா செத்தாவன்னு சொன்னா உங்க மனசில நிக்காது பிள்ளேளா, ஒரு வீட்டைப் பாருங்க" என்பார்.

சித்தப்பா ஒளிந்த பத்தாம் நாள், கதையில் அந்தக் குடும்பம் ஒளிந்த இடத்துக்கு டீச்சருக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. மச்சு என்றார், பரண் என்றார், கடைசியில் "நம்ம பத்தாயம் போல ஒண்ணுன்னு வச்சுக்கிடுங்க" என்றார். "பத்தாயத்துக்குள்ள ஆளு இருந்தா மூச்சு முட்டிச் செத்துருவாவளே" என்று பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய மேதாவி போல எழுந்து, "சாவ மாட்டாவ டீச்சர், மேல்பலகையில ஒண்ணை நீக்கி, பாயைப் போட்டு மூடினா போரும்" என்றேன்.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "கதை கேட்டுக் கேட்டு இவளும் கதை விடுதா, இரிட்டி!" என்று அதட்டி உட்கார வைத்துப் புத்தகத்தை மூடினார். அதை அவர் மறுபடி திறக்கவே இல்லை. என் பக்கத்தில் இருந்தவள் போலீஸ் ஏட்டின் மகள். அவளிடமும் வஞ்சகம் இல்லை, சோறு தின்னும்போது அப்பாவிடம் நான் சொன்னதைக் கதையாகச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் டீச்சர் முகத்தைப் பார்த்ததுமே செய்த தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் உடனே சொல்லியிருந்தால் சித்தப்பா சாயங்காலமே ஆற்றைத் தாண்டியிருப்பார். அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பேசக்கூடாத இடத்தில் பேசி, பேச வேண்டிய இடத்தில் ஊமையான பாவி நான்.

மறுநாள் காலையில் வந்தவர்கள் நேரே பத்தாயத்துக்குப் போனார்கள். நான் வகுப்பில் சொன்னதை ஏட்டு அம்மாவிடம் சொன்னார். "தவளை தன் வாயால கெடும்பாவ, இவ வாயால இன்னொருத்தன்லா கெட்டான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்து ஜெயிலிலிருந்து வந்த சித்தப்பாவுக்கு, போலீஸ் அடியில் இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தது. "நான்தான் சொன்னேன் சித்தப்பா" என்று அவர் காதோடு கத்தினேன். அவர் சிரித்து, "சோறு தின்னியா மக்கா?" என்றார்.

ஜெர்மனியில் நடந்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, வைக்கவும் மாட்டேன். பின்னாளில் நானே முப்பது வருஷம் அந்தப் பாடத்தை எடுத்தேன். இன்று டீச்சர் இல்லை, சித்தப்பா இல்லை, பத்தாயத்தின் பலகைகள் யார் வீட்டுக் கதவானதோ தெரியாது. ஆனால் வருஷம் தவறாமல் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்டது மட்டும் காதில் நிற்கிறது: "காட்டிக் கொடுத்தவங்க பாக்க எப்படி இருப்பாங்க டீச்சர்?" இரட்டைச் சடை போட்டு, அம்மா வைத்த பொட்டோடு இருப்பாள் என்று சொல்ல வாயெடுப்பேன். ஒரு வருஷமும் சொன்னதில்லை.