துளிர்விட்ட படம்

என் வீட்டுக் கூடத்தில் தொங்கும் படத்தைப் பார்க்க வேண்டுமானால் வாசலுக்குப் போக வேண்டும். கிட்ட நின்றால் யாரோ வெற்றிலையைத் துப்பி மஞ்சளைத் தடவிவிட்டது போலிருக்கும். பின்வாங்கப் பின்வாங்கத்தான் திட்டுகள் மரங்களாகும், நடுவே ஓர் ஆறு ஓடும், சீமையின் இலையுதிர்காலம் ஒரே பெருமூச்சில் சிவந்து, பழுத்து, உதிரும்.

வாங்கியவர் மாமா, அம்மாவின் தம்பி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்களோடு இருந்த குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. கப்பலேறிய ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது, அம்மா கேட்ட அலமாரியை விட்டுவிட்டு இதைத் தூக்கிவந்தார். எங்கள் கூடமோ தீப்பெட்டி. ஆகவே வந்தவர்களையெல்லாம் வாசல் தாண்டிக் கால்வாய் ஓரம்வரை பின்னுக்கு நடத்துவார், பால்காரர்கூடத் தப்பியதில்லை. ஒட்டடைக்கம்பு அதன் பக்கம் போனால் அன்றைக்கு அம்மாவிடம் பேச்சில்லை.

அந்த நாளில்தான் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் மகளைப் பேசினார்கள். கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்ததிலிருந்தே மாமாவுக்கு உறக்கமில்லை; சவரம் இருவேளையாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த கங்காணியையும் மாமா கால்வாய்வரை நடத்தினார். படத்தைப் பார்த்ததும் கங்காணியின் முகம் சுருங்கியது. ரப்பர் மரமும் வருஷத்துக்கொருமுறை இப்படித்தான் சிவந்து உதிரும். பால் வற்றும், கூலி குறையும், அடுப்பு அடங்கி எரியும். அந்த நாளைப் போய்ச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களே!

சீமையில் இதைத்தான் அழகென்பார்கள் என்று மாமா விளக்கினார். வெயில் இலையில் விழும் விதத்தைக்கூடச் சொன்னார். கங்காணி நிதானமாகக் காப்பியைக் குடித்து முடித்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. மரம் துளிர்க்கட்டும், பொண்ணப் பத்திப் பேசுவோம்."

கிள்ளான் ரயிலேறிப் போய்விட்டார்.

மாமா படத்தின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை, குவாட்டர்ஸ் ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயத்தை எடுத்தார். தீக்குச்சி முனையால் ஒரே ஒரு மரத்தில் ஒரு பொட்டு. கால்வாய்க்கு ஓடிப் பார்ப்பார். திரும்பி வந்து இன்னொரு பொட்டு. நெற்றி வியர்வை மூக்கில் சொட்டியது. "அலமாரிய வாங்கியிருந்தா இவ்வளவு நடை இருக்காதுடா" என்றாள் அம்மா. அவர் அடுத்த பொட்டுக்குத் தீக்குச்சியைத் தோய்த்தார்.

ஆள் அனுப்பியதும் கங்காணி வந்தார். யாரும் சொல்லாமலே பின்னுக்கு நடந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ம்... இனிமே பால் வெட்டலாம்."

மாமாவும் போய், மாமியும் போய், படம் என்னிடம் வந்தது. போன வாரம், ஓவியம் அறிந்த நண்பரொருவர் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினார். இத்தனை உதிர்தலுக்கு நடுவே ஒரே மரத்தில் பச்சை வைக்க ஓவியனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உருகினார்.

"ஆமாம்," என்றேன். "அவருக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது."