கோணித் தையல்

கண்ணாடி டம்ளர் உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில், சோப்பு நுரைக்குள், கைக்குள்ளேயே விண்டது. ரத்தம் வருமுன்பே விரல்களை மடக்கிப் பார்த்தேன். மற்றவை மடங்கின. வலது ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டியபடி நின்றது, யாரையோ குற்றம் சொல்வதுபோல.

நான் பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்துகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். மக்காச்சோள மெஷினில் சிக்கிய கைகளும், ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் புண்ணான தோலும்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அதனால் என் விரலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தசைநாண் (தசையின் இழுப்பை விரல் நுனிவரை கொண்டுபோகும் வெள்ளைக் கயிறு) அறுந்திருந்தது.

என் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே என் மனைவி கலா கேட்டாள். "ரெண்டு தையல் போட்டா சரியாப் போயிடுமாங்க?"

"போயிடும்" என்றேன். நோயாளி எவரிடமும் இந்தப் பொய்யைச் சொன்னதில்லை.

என்னோடு படித்த ரவி திருச்சியில் அறுவை செய்தான். தோளருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் என் கை, இந்தப் பக்கம் நான். எந்த நூல், எத்தனை முடிச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "வாய மூடுறா, அதுக்கும் ஒரு ஊசி போட்டுருவேன்" என்றான். முடித்து ஸ்பிளிண்ட் (விரல்களை வளைந்த நிலையில் காக்கும் தாங்கு கட்டை) மாட்டினான். ஆறு வாரம்.

அதைச் சொல்ல இரண்டு விநாடி போதும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

செட்டிகுளம் மலர்க்கொடிக்கும் சொல்லியிருந்தேன். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். மெஷினில் இரண்டு விரல்களின் நாண் போனது, தைத்து அனுப்பினேன். மூன்றாம் வாரம் வந்தபோது அவள் ஸ்பிளிண்டுக்குள் வெங்காயச் சருகு. கழட்டிவைத்துவிட்டு வெங்காயத் தாள் அரிந்திருக்கிறாள்.

"ஏம்மா, அறிவிருக்கா? மறுபடி அந்துபோனா நான் என்ன மந்திரவாதியா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"சும்மா இருன்னா கை கேக்க மாட்டேங்குது சார்."

அடுத்த முறை வந்தபோது ஸ்பிளிண்டின் மணிக்கட்டுப் பட்டைகள் கோணி ஊசியால் தைக்கப்பட்டிருந்தன. மூட்டையின் வாயைத் தைக்கும் அதே சணல். "எங்க வூட்டுக்காரரு தச்சுட்டாரு சார். இனி அவுக்கணும்னா அறுத்துத்தான் ஆவணும்." நான் நர்ஸைப் பார்த்து, "மூட்டை வந்திருக்கு, எடை போடும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். ஆறு வாரம் முடிந்து அறுத்தபோது அவள் விரல்கள் முழுதாய் மடங்கிவிட்டன.

இப்போது என் முறை. மாடி அறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் போயின. ஒவ்வொரு லாரிக்கும் போக ஓர் இடம் இருந்தது. கட்டுக்குள் வியர்த்தது, அரித்தது, யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். காலண்டரைப் பார்ப்பேன். அரை மணி கழித்து மறுபடி பார்ப்பேன். அதே தேதி.

நான்காம் வாரம் ஒரு மதியம். கலா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மாணவனாக இருந்தபோது வாழைப்பழத் தோலைக் கீறித் தையல் பழகுவோம். ஒரு பழத்தை எடுத்தேன். ஸ்பிளிண்டின் பட்டைகளைக் கழற்றினேன். ஒரே ஒரு தையல், கை இன்னும் என்னுடையதுதானா என்று தெரிந்துகொள்ள. ஊசி பிடிக்கும் இடுக்கியை அழுத்தினேன். முதல் முடிச்சு அழகாக விழுந்தது. இரண்டாவதில், உள்ளங்கைக்குள் ஏதோ மெல்ல விட்டுப்போனது.

வலிகூட இல்லை. விரல் மறுபடி நீட்டிக்கொண்டது.

வந்த கலா பழத்தையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள். "உங்க பேஷண்ட் செஞ்சிருந்தா ஆஸ்பத்திரியே அதிரக் கத்துவீங்கள்ல? இப்ப உங்களப் பாத்து யாருங்க கத்துறது?"

ரவி கத்தவில்லை. மறுபடி தைத்தான். "உன்னால மறுபடி ஆபரேஷன் பண்ண முடியுமான்னு இப்பக் கேக்காத. ஆறு வாரம் கழிச்சு அந்த விரலக் கேளு."

இடது கையால் சீட்டு எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாளில் மலர்க்கொடி வந்தாள். மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு, கையைக் காட்டிப்போக வந்தவள் என் கையைப் பார்த்தாள்.

"என்ன சார், நீங்களும் வெங்காயம் அரிஞ்சீங்களா?"

"வாழப்பழம்."

முழுக்கதையும் சொல்லவைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "வெங்காயத்த நட்டுட்டுத் தெனம் புடுங்கிப் பாத்தா அது வெளையுமா சார்?" கூடைப் பையிலிருந்து கோணி ஊசியையும் சணலையும் எடுத்தாள். "நீட்டுங்க."

நர்ஸ் பதறினாள். நான் நீட்டினேன்.

நான் தைத்த விரல்களால் அவள் என்னைத் தைத்தாள். தடித்த பட்டைக்குள் ஊசியைத் தள்ளும்போது அந்த இரண்டு விரல்களும் நடுங்கவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு தையல்.

"கொஞ்சம் கோணலா இருக்கேம்மா."

"பிரியாது" என்றாள்.

என் இடது கை நாளுக்குப் பத்துத் தடவை அந்தப் பட்டைக்குப் போகும். சணல் தட்டும். திரும்பிவிடும். மீதி வாரங்களை அப்படித்தான் கடந்தேன். ரவி சணலை வெட்டும்போது, "இத யாருடா போட்டது? என் தையலவிட உறுதியா இருக்கு" என்றான்.

விரலைக் கேட்டோம். அது மடங்கியது. உள்ளங்கையைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிட்டது. தழும்பு ஒட்டு (ஆறும்போது நாண் சுற்றுச் சதையோடு பிடித்துக்கொள்வது). மயிரிழை ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப்பில் இணைக்கும் வேலை இனி எனக்கில்லை. அந்தக் கேஸ்களைத் திருச்சிக்கு அனுப்புகிறேன். ஆம்புலன்ஸ் கதவு மூடும் சத்தம் இன்னும் பழகவில்லை. மற்ற கைகளைத் தைக்கிறேன், மெதுவாக.

இதைப் படிக்கும் உங்கள் கை கட்டுக்குள் இருந்தால், ஆறு வாரம் என்று நான் சும்மா சொல்லப்போவதில்லை. வீட்டில் கோணி ஊசி இருக்கிறதா, தைக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்பேன். கத்தரியும் பக்கத்தில் இருக்கட்டும். விரல் வீங்கினாலோ நீலம் பாரித்தாலோ உடனே வெட்டிவிட்டு ஓடி வாருங்கள். வேறு எதற்காகவும் வெட்டாதீர்கள்.

அறுவைக்கு முன் கை கழுவும் இடத்தில் இப்போது நான் அதிக நேரம் நிற்கிறேன். விரல்களை மடக்குகிறேன். ஒன்பதும் சொன்னவுடன் வந்துவிடுகின்றன. பத்தாவது தன் தூரத்தைத் தன் வேகத்தில் கடக்கிறது. அது வந்து நிற்கும்வரை நான் கத்தியைக் கேட்பதில்லை.