வந்த காரணம்: கடல் பார்க்க

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வருடம் முழுக்க ஒரே கதைதான்: லீவுக்கு எங்கே போவது. கூட வேலை செய்பவர்கள் ஜனவரியிலேயே தொடங்கிவிடுவார்கள். சுவிஸின் பேர்ன் நகரத்தில் கடல் இல்லை; ஆகவே கடல் பார்க்கப் போவது இவர்களுக்கு ஒரு கடமை மாதிரி. சென்ற கிழமை, என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கும் றெகூலா ஒரு பயண விளம்பரத்தை நீட்டினாள். தென்னை, மணல், நீலத் தண்ணீர். "உன்னுடைய கொழும்பு! மலிவாக எங்கே தங்கலாம், சொல்லேன்" என்றாள். அங்கே சண்டை நடக்கிறது என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் போடவில்லையே" என்றாள். வந்த ஆத்திரத்தில் விரிப்பை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அவள் பாவம், நான் ஏன் கொதித்தேன் என்று அவளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

போன ஆவணியில், பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவைப் பார்க்கக் கொழும்புக்குப் போனேன். அக்கா இருக்கும் எங்கள் ஊர் வவுனியாவுக்குப் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவள் வருவதென்று ஏற்பாடு. நாற்பத்தாறு வயதில் குளங்களைத் தவிர வேறு பெரிய தண்ணீரை அவள் கண்டதில்லை. "எடி, கடல் காட்டுவியோ?" என்று தொலைபேசியில் கேட்டாள். அதற்காக ஆமிக்காரரிடம் நாள்கணக்காக அலைந்து, ஊரை விட்டு வெளியே வர ஒரு கிழமைக்குப் பாஸ் எடுத்தாள். என் கையிருப்புக்கு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ்தான் கட்டுப்படியானது. கடலுக்குப் போகும் ஒழுங்கையில், கடல் தெரியாத அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அலைச் சத்தம் மட்டும் இலவசம். அக்கா வந்து சேரும்போது பொழுதுபட்டுவிட்டது. "காலமை வெய்யில் ஏற முதல் போவம்" என்றாள். இடியப்பப் பார்சலைப் பிரித்து ஒரே இலையில் சாப்பிட்டோம்.

லொட்ஜில் தங்கும் தமிழரின் விவரமெல்லாம் பொலிசுக்குப் போகவேண்டும். அக்காவின் படிவத்தை நானே வாங்கி நிரப்பினேன். 'வந்த காரணம்' என்ற இடத்தில், சுவிஸ் பழக்கதோஷத்தில், ஹொலிடே, கடல் பார்க்க என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். உண்மைதானே!

விடிந்ததும் மூன்று பொலிஸ்காரர் கதவில் நின்றார்கள். பெரியவரின் கையில் அந்தப் படிவம். "வவுனியாவென் ஹொலிடே த?" வவுனியாவிலிருந்து விடுமுறைக்கா என்று அவர் சிங்களத்தில் கேட்க, மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. என் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டைப் புரட்டியவர், "யூ கேன் ஸ்டே, மேடம்" என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். அக்காவுக்கு ஜீப்பைக் காட்டினார்.

லொட்ஜ் மனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன விசரே தங்கச்சி? இந்த நேரத்தில ஆர் கொழும்புக்குக் கடல் பாக்க வாறது? மருந்தெடுக்க எண்டு போட்டிருக்கலாம். வெளிநாடு போக எண்டு போட்டிருக்கலாம். நாங்கள் எல்லாருக்கும் அப்பிடித்தானே போடுறனாங்கள்!"

பொலிஸ் நிலைய மர வாங்கில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்களாம்: உண்மையில் எதற்கு வந்தாய்? அவளும் உண்மையைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னாளாம். நோயாளி என்றால் நம்புவார்கள், ஓடிப்போகிறவள் என்றால் நம்புவார்கள். ஆசைப்பட்டு வந்தாள் என்றால் மட்டும் குண்டு வைக்க வந்தவள்! என்ன அநியாயம் இது? பின்னேரம் விட்டார்கள். மறுநாள் முதல் ரயிலில் ஊருக்குப் போய்விட வேண்டும், அதுவரை லொட்ஜை விட்டு அசையக் கூடாது என்ற கட்டளையோடு. "உனக்கு அங்க சுவிசில பொய் சொல்லத் தேவையில்லாமப் போச்சு, என்ன?" என்று அக்கா சிரித்தாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளவத்தையிலிருந்து கொழும்பின் பெரிய ஸ்டேசனான கோட்டைக்குப் போகும் ரயில் கடலை ஒட்டியே ஓடும். அவளை இடப்பக்க ஜன்னலோரம் இருத்தினேன். கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே வந்தாள். கால் மணி நேரம்கூட இல்லை. "இவ்வளவு தண்ணியையும் தாங்களே வைச்சுக்கொண்டு, என்னைக் கண்டோ பயப்பிடுறாங்கள்?" என்றாள். கோட்டையில் வவுனியா ரயிலில் ஏறிக்கொண்டாள். காலில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படவில்லை.

என் விசாவில் இன்னும் இருபத்தேழு நாட்கள் இருந்தன. வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து, அறைக்குப் போக மனமில்லாமல், தண்டவாளத்தைக் கடந்து நேரே கடற்கரைக்கு இறங்கினேன். அங்கே காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் மறித்தான். "வெயார் ஃப்ரம்?" என்றான். வவுனியா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சுவிட்சர்லாந்து" என்று வந்தது. பாஸ்போட்டைக்கூடக் கேட்கவில்லை. முகமெல்லாம் பல்லாக, "வெல்கம் டு சிறீ லங்கா, மேடம்" என்று வழிவிட்டான்.

நான் அவனுக்குத் தாங்க்யூ சொன்னேன். சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, கணுக்கால் நனைய நின்றேன்.