கயிற்றின் இன்னொரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்ட டீச்சர்

ராஜேஸ்வரி டீச்சர் போய்விட்டார்கள். பொன்னேரியில், மகள் வீட்டில், இன்று விடியற்காலையில்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வள்ளி டைப் செய்கிறாள். காரமாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்... எமர்ஜென்சி முடிந்த சமயம், ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து பால்வாடிக்கு டீச்சராக வந்தார்கள். அனுப்பம்பட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார்கள்.

என் மகன் செல்வம் அப்போது சின்னப் பிள்ளை. பேச்சு இல்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான்.

இப்போது ஆட்டிசம் என்கிறீர்கள். அன்று குப்பம் அவனுக்கு வைத்த பெயர்களை இங்கே சொல்ல மாட்டேன். வைத்தவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டர் பையனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி முனியம்மாவைப் பார்த்து, "நீ கொஞ்சி வளர்க்கல, அதான் இப்படி ஆயிட்டான்" என்றார்.

தலையில் மீன்கூடை, இடுப்பில் அவன்... அப்படி அலைந்தவளைப் பார்த்து! திரும்பும்போது ரயிலில் அவள் அவனை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கடைசிவரை அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

செல்வத்துக்கு வலையின் மிதப்புக் கட்டை என்றால் உயிர். மணலில் காயும் வலையில் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவான். காயும் வலையை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவனுக்கு அதெல்லாம் தெரியுமா?

ஏரியில் எங்கள் குப்பத்துக்குப் பாடு, அதாவது முறைவைத்து மீன் பிடிக்கும் உரிமை, வந்த நாளில் வலை வெறுமையாக வந்தது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது. அதை ஒருத்தரும் பேசவில்லை. பஞ்சாயத்து கூடி, வலையை மிதித்தான் என்று என் பிள்ளையைப் பேசியது.

"புள்ளைய மரத்துல கட்டி வை. இல்லன்னா உனக்குப் பாடு கெடையாது" என்றார் தலைவர். அவர்களே கயிறு கொண்டுவந்து, பூவரச மரத்தில் அவனைக் கட்டினார்கள். ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி.

பால்வாடி விட்டதும், கூட்டம் கலைவதற்குள் டீச்சர் வந்தார்கள். மரத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அந்த முனையைச் சேலைக்கு மேல் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

பெண்கள் பஞ்சாயத்தில் வாய் திறக்காத காலம். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா டீச்சரம்மா இது கூத்து?"

"ஊரு கட்டச் சொல்லிச்சு, கட்டித்தான இருக்கு?"

"மரத்துல கட்டுன்னோம்மா!"

"மரம் அவன்கூட விளையாடாதே, ஐயா."

யாரோ கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். தலைவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

முனியம்மா ஒரு கிழிந்த வலையை எங்கள் வீட்டுப் பின்னால் விரித்துப் போட்டாள். செல்வம் ஒரு கட்டையைத் தொட்டான். டீச்சர் அடுத்த கட்டையைத் தொட்டார்கள். அவன் நின்றான். அவர்கள் கையையே பார்த்தான்.

பட்டணத்தில் வேறொரு டாக்டரம்மாவைத் தேடிப்போய்க் கேட்டுவந்ததாக டீச்சர் சொன்னார்கள். "அவனை நம்ம விளையாட்டுக்கு இழுக்காதே முனியம்மா. நாமதான் அவன் விளையாட்டுக்குள்ள போகணும். நீ, உன் வீட்டுக்காரர், வள்ளி... எல்லாரும். அப்புறம் ஒண்ணு, நீ வளர்த்ததுல ஒரு தப்பும் இல்ல. அந்த டாக்டரம்மாவே சொன்னாங்க."

அன்றுதான் முனியம்மா அழுதாள்.

அப்புறம் கயிறு வீட்டில் இடுப்பு மாறி மாறிப் போயிற்று. ஒருநாள் முனியம்மா, ஒருநாள் வள்ளி. மீன் பிடிக்கப் போகாத நாளில் நான். ஊர் சிரித்தது. "இன்னாபா, புள்ள உன்ன மேய்க்கிதா?"

"ஆமாம்பா, புல்லு நல்லா இருக்கு, நீயும் வரியா?" என்பேன்.

ஒரு சாயங்காலம் முனியம்மா கருவாடு அள்ளிக்கொண்டிருந்தாள். கயிறு கொடியில் தொங்கியது. செல்வம் அதை இழுத்துக்கொண்டு வந்து, முனையை அவள் கையில் வைத்தான். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

கருவாட்டைக் காக்கை கொத்திக்கொண்டு போனது. அவள் அசையவே இல்லை.

டீச்சர் அவனைப் பால்வாடியிலும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். இதற்கெல்லாம் ஊர் டீச்சருக்குச் செய்த மரியாதை என்ன தெரியுமா? "பைத்தியத்தோட எங்க புள்ளைங்களையும் உக்கார வெக்கிறாங்க" என்று மேலே போய்ச் சொல்லி, அவர்களை வேறு ஊருக்கு மாற்ற வைத்தார்கள். அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து எங்கள் வீட்டு மணலில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

இன்று குப்பத்து முனையில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். டீச்சர் படம், கீழே "எங்கள் குப்பத்தின் அன்னை" என்று போட்டிருப்பதாக வள்ளி படித்துச் சொன்னாள். வைத்தது யார்? அந்தத் தலைவரின் மகன். வெட்கம் வேண்டாமா?

அவனே போனும் செய்தான். "மாமா, வேன் சொல்லியிருக்கோம், வந்துடு. செல்வத்த மட்டும் வூட்ல வுட்டுட்டு வா... சாவு வூட்ல கத்திக் கித்தி வெச்சான்னா அசிங்கமாப் பூடும்."

"எங்கடா வுடறது? மரத்துலயா?" என்றேன்.

போனை வைத்துவிட்டேன்.

உங்கள் வேன் எங்களுக்கு வேண்டாம். நாங்கள் பஸ்ஸில் போய்க்கொள்கிறோம். செல்வம் தலை நரைத்த ஆள் இப்போது. சேதி சொன்னதிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். கையில் ஒரு மிதப்புக் கட்டை. கத்தினால் கத்தட்டும். அவனைவிட அங்கே கத்துவதற்கு உரிமை உள்ளவன் எவன்?

டீச்சர்... அவசரப்படாதீங்க. செல்வம் வரான்.

பாத்துட்டுப் போங்க.