அக்கா ஓட்டிய டீசல் காரும் ஏறி இறங்கிய முள்ளும்

மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, சென்ற ஆண்டு அங்கிருந்தே விடைபெற்றவர் எங்கள் அக்கா. அப்பா தவறியபின் படிப்பை நிறுத்திவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தவரும் மணமுடித்து வைத்தவரும் அவரே. பட்ட கஷ்டங்களை அவர் பேசியதில்லை. தம்முடைய பழைய டீசல் காரைப் பற்றி மட்டும் கேட்காதவர்களிடமும் பேசுவார்.

என் திருமணத்தன்று மண்டபத்துக்கு என்னை அந்தக் காரில்தான் அழைத்துப் போனார். விடிந்தும் வெளிச்சமில்லை, நல்ல மழை. ஓசூர் ரோட்டில் அக்கா ஹெட்லைட்டைப் போட்டதும், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பின்சீட்டில் அம்மா சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். முன்னால் இருந்த மாமா, அக்காவின் கணவர், "ஆட்டோ பிடிச்சிடலாம்மா, முகூர்த்தம் தவறிடும்" என்றார்.

"ஸ்வல்ப இருங்க, பார்த்துடறேன்" என்று அக்கா ஓரம் கட்டினார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. ஆவி இல்லை, கொதிக்கும் வாசனை இல்லை, ரேடியேட்டரின் டேங்கில் தண்ணீர் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. திரும்ப வந்து வண்டியைக் கிளப்பி, லைட்டை அணைத்தார். முள் கீழே விழுந்தது. போட்டார். ஏறியது.

"தண்ணி ஒரு நொடியில கொதிச்சு ஒரு நொடியில ஆறுமாங்க? இது ஒயர் கோளாறு. போலாம்."

அம்மா பார்க்காதபடி மாமா தம் கைக்குட்டையால் அந்த முள்ளை மறைத்துக்கொண்டே வந்தார். தாலி நேரத்துக்கு ஏறியது. பிறகு மெக்கானிக் பார்த்தபோது, லைட்டுக்கும் முள்ளுக்கும் பொதுவான எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது. சுரண்டி முறுக்கியதும் சரியாயிற்று.

சில மாதம் கழித்து, கூட வேலை செய்பவர்களை ஏற்றிக்கொண்டு போனபோது முள் மறுபடி ஏறியது. "ஒயர்தான் மேடம், போங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். அக்கா உடனே நிறுத்திவிட்டார். "அன்னிக்குக் குதிச்சுது. இன்னிக்கு மெதுவா ஏறுது. லைட்டும் போடல." வாட்டர் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரையும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்து வந்தார். இன்ஜின் பிழைத்தது.

பதறவும் மாட்டார், அசட்டையாகவும் இருக்க மாட்டார். தம் நோயையும் அப்படியே எதிர்கொண்டார். டாக்டரிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்களிடம் நிதானமாகச் சொன்னார். கடைசி வாரத்திலும் மாமாவைக் கேலி செய்வதை விடவில்லை.

மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. காரியத்தன்று அக்காவின் கதைகளைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்தவர்கள், துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று பிறகு வருந்தினார்களாம். வருந்த வேண்டாம். அன்றுதான் அம்மா ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.